டேம்புல் என்கிற பட்டம்

சாமி, நீ போட்ட கடுதாசி செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. துங்கபத்திரைக் கரையில் உனக்குக் கூடாரம் கொடுத்திருப்பதும், அங்கே சோறு வாய்க்கு விளங்கவில்லை என்பதும், அணை வேலையில் முன்னூறு பேர் உன் கையின்கீழ் இருப்பதும் தெரிந்துகொண்டேன். உன் அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவையும் படிக்காமல் விட்டுவிட்டேன். "நான் புறப்பட்ட அன்று நீங்கள் ஏன் வாசலுக்கு வரவில்லை, உங்களுக்கு என்மேல் என்ன கோபம்?" என்று எழுதியிருக்கிறாய். எழுதும்போது உனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். பேனா அந்த இடத்தில் அழுந்தியிருப்பது தெரிகிறது.

வாசலுக்கு வராததற்குக் காரணம் உண்டு. உனக்குப் பதினோரு வயதில், சேலத்தில் ஒரு பங்களா வாசலில் வைத்து உன்னைக் கன்னத்தில் அறைந்தேனே, அதற்கும் அதே காரணம்தான். அந்த அறைக்குப் பிறகு நீ என்னிடம் முன்போல வாய்விட்டுப் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரித்துவிட்டுப் படி. நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான், சுற்றிவளைத்துத்தான் சொல்ல வருகிறது.

மேட்டூரில் அணை கட்டத் தொடங்கியபோது நீ கைக்குழந்தை. அந்த வருஷம் நம் மேட்டாங்காட்டில் சோளம் கதிர் வைக்கவில்லை. ஜலகண்டாபுரத்துச் சந்தையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் நாச்சிமுத்துவும் ஒன்றாகத்தான் போனோம். நாலு வீடு தள்ளி இருக்கிற நாச்சிமுத்துவைத்தான் சொல்கிறேன். அவனும் நானும் ஒரே வயது, ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். எனக்கு நாலு எழுத்துத் தெரியும் என்பதால் இரண்டு வருஷத்தில் மேஸ்திரி ஆக்கினார்கள். அவன் கல்குழியில் வெடிவைத்த கல்லைப் புரட்டுகிற ஆள். அன்று முதல் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டுவிட்டு "மேஸ்திரி" என்றே கூப்பிடத் தொடங்கினான். என்னைவிட அவனுக்குத்தான் அதில் பெருமை.

அங்கே இங்கிலீஷ் என்று எங்களுக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து வார்த்தைகள். அணைக்கு டேம் என்று பேர். ஆஜர் எடுக்கும்போது ரைட்டர் உரக்கச் சொல்வார், பாதி நாள் வேலை செய்தவன் "ஆப்", முழு நாள் செய்தவன் "புல்". இப்படியிருக்கையில் ஒரு நாள் கல் தூக்குகிற சங்கிலியை நான் ஏதோ மாற்றிக் கட்டிவிட்டேன். எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்கார துரை என் பக்கத்தில் வந்து, என்னையே பார்த்து, "டேம் ஃபூல்" என்று சொல்லிவிட்டுப் போனார். கத்தவில்லை. அதட்டவில்லை. அதுவரை எங்களில் எவனையும் அவர் "ஏய்" என்பதற்கு மேல் சொன்னதில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். டேம் என்றால் அணை. புல் என்றால் முழுசு. அப்படியென்றால் டேம்புல் என்பவன் அணைக்கே முழுசாக உரியவன், வேலை முடிந்த பிறகும் நிறுத்திவிடாமல் வைத்துக்கொள்ளப் போகிற ஆள். ஊரில் பெரிய வீட்டுக்காரருக்கு ராவ் பகதூர் என்று பட்டம் கொடுத்தார்களே, அதைப்போல நமக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. நாச்சிமுத்துவிடம் சொன்னேன். அவன் மூலமாக ஊர் முழுக்கத் தெரிந்தது. இதை எழுத இப்போதும் காது சுடுகிறது.

நாச்சிமுத்துவுக்கு ஒரே ஏக்கம், தனக்கு எப்போது அந்தப் பட்டம் கிடைக்கும் என்று. கிடைத்தது. கல்குழியில் வெடிக்குத் திரி பற்றவைத்து எல்லோரும் ஓடி ஒதுங்கிய பிறகு, கடப்பாரையை விட்டுவிட்டு வந்துவிட்டோமே என்று இவன் திரும்பி ஓடினான். எடுத்துக்கொண்டு வருவதற்குள் வெடித்தது. தேங்காய் அளவு கல் ஒன்று அவன் காதை ஒட்டிப் போய் விழுந்தது. துரை ஓடிவந்து அவன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி உலுக்கி "யூ டேம் ஃபூல், டேம் ஃபூல்" என்றார். அவர் முகம் வெளுத்துப்போய் இருந்தது. அதை நானே பார்த்தேன். நாச்சிமுத்து என்னிடம் வந்து, "மேஸ்திரி, உனக்கு ஒருக்காத்தான் சொன்னாரு. எனக்கு ரெண்டு தடவ, தோளைத் தொட்டுச் சொன்னாரு" என்றான். உயிர் பிழைத்ததைப் பற்றி அவன் பேசவே இல்லை.

அடுத்த வாரம் திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனோம். அங்கே பச்சை குத்துகிறவள் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாச்சிமுத்து அவள் முன்னால் கையை நீட்டிவிட்டான். அவளுக்கும் எழுத்துத் தெரியாது, இவனுக்கும் தெரியாது. நான்தான் ஒரு காகிதத்தில் பெரிதாக டேம்புல் என்று எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவள் வளைவு மாறாமல் குத்தினாள். அடுத்து நான் உட்கார வேண்டியது. உன் அம்மா கூட வந்திருந்தாள். "கையில எளுதி வச்சுக்கிட்டாத்தான் வேலை நெலைக்குமாக்கும், எந்திரிச்சு வாங்க" என்றாள். அவள் சொன்னதால் என் கை தப்பித்தது. அவன் கையில் இருப்பது இன்றைக்கும் என் கையெழுத்து.

அணை முடிகிற சமயத்தில் எல்லோருக்கும் நன்னடத்தைச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். தம்மம்பட்டிக்காரர் ஒருவர் ரைட்டராக இருந்தார். வயதானவர், மேஜைமேல் தடியாக ஒரு இங்கிலீஷ் அகராதி வைத்திருப்பார், வேலையில்லாத நேரத்தில் அதைத்தான் படிப்பார். அவரிடம் போய், என் சீட்டில் டேம்புல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மேஸ்திரி, இதை வேற யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். அதன் பிறகு அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினார்.

அணைக்கு உரிய டேம் வேறாம், திட்டும்போது வாயில் வரும் டேம் வேறாம். இரண்டாவதற்குக் கடைசியில் ஒரு எழுத்து உண்டு, எழுதுவார்கள், ஆனால் உச்சரிக்கமாட்டார்கள். அந்த ஓசையில்லாத எழுத்தில்தான் விஷம் இருக்கிறது. ஆதியில் அது கோர்ட்டு வார்த்தையாம். ஒருவனைக் குற்றவாளி என்று தீர்ப்பது. பிறகு சாமி தீர்ப்புச் சொல்லி நரகத்துக்கு அனுப்பட்டும் என்று சபிப்பதற்கு ஆயிற்று. பிறகு எதற்கெடுத்தாலும் சொல்லிச் சொல்லித் தேய்ந்து, நாம் கருமம் கருமம் என்று சொல்கிறோமே, அந்த அளவுக்கு வந்துவிட்டது. இன்னொரு கதையும் சொன்னார். வடக்கே பாதுஷா காலத்தில் தாம் என்று ஒரு செப்புக்காசு இருந்ததாம். கும்பினிச் சிப்பாய்கள் எதையாவது துச்சமாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் காசைச் சொல்வார்களாம், நாம் தம்பிடி பெறாது என்று சொல்வதைப்போல. அதிலிருந்து வந்தது என்று சிலரும், அது வெறும் கட்டுக்கதை என்று சிலரும் சண்டை போடுகிறார்களாம். ஃபூல் என்பதற்கு முட்டாள் என்று அர்த்தம், ஆதியில் அது கொல்லன் உலையில் இருக்கிற துருத்தியாம், உள்ளே வெறும் காற்று. நம் ஊர்க் கூலி என்கிற வார்த்தையும் இப்படித்தான் கெட்டது என்றார். "செஞ்ச வேலைக்குக் கொடுக்கறதுக்குத்தாங்க நம்ம பாஷையில கூலின்னு பேரு. அவங்க வாய்க்குப் போனதும் அந்த மனுஷனுக்கே அது பேராயிடுச்சு." இதெல்லாம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நீ படித்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. ஆறு வருஷமாக ஒரு வசவைக் காதுகுளிரக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன்.

வெளியே வந்தால் நாச்சிமுத்து நிற்கிறான். "என்ன மேஸ்திரி, எளுதிக் குடுத்துட்டாரா?" என்றான். நாளைக்கு எழுதித் தருகிறாராம் என்றேன். அது முதல் பொய். அதற்கடுத்த நாள் அவன் துரையிடமே நேராகப் போய்விட்டான். நானும் பின்னாலேயே ஓடினேன். சட்டைக் கையைச் சுருட்டி அவர் முன்னால் நீட்டி, "டேம்புல் தொரைங்களே, வேலைக்கு வெச்சுக்கோணுங்க" என்றான். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பக்கத்தில் இருந்த குமாஸ்தா படித்துக் காட்டினான். துரை நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்து, சேலத்தில் தன் பங்களாவுக்குக் காவலாளியாக அவனை வைத்துக்கொண்டார். பட்டத்துக்கு வேலை கிடைத்தே விட்டது. அதன் பிறகு நான் போய் என்னவென்று சொல்வது? இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த விஷயம் வேறு. அந்த வார்த்தையைப் பட்டம் என்று முதலில் சொன்னவன் நான், எழுதிக் கொடுத்தவன் நான். அவனுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரியும். மேஸ்திரி என்று மரியாதையாகக் கூப்பிடுகிற ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஒரு தடவை அவனைப் பார்க்கப் போயிருந்தபோது பங்களாவுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். துரை அவனைக் கூப்பிட்டார். அவன் ஓடிப்போய் வராந்தாவில் நின்று கையை நீட்டினான். வெள்ளைக்காரர்கள் மூன்று பேரும் ஒரு துரைசானியும் சுற்றி நின்று பார்த்துச் சிரித்தார்கள். துரைசானி ஒரு கேக் துண்டைக் கொடுத்தாள். அதை அவன் துண்டில் முடிந்து கொண்டுவந்து, "உனக்கும் இதுல பாத்தியம் இருக்குது மேஸ்திரி" என்று பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தான். நான் அதைத் தின்றேன். நான் செய்ததிலேயே கேவலமான காரியம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அதற்குப் பிறகுதான் உன் விஷயம். உன்னைச் சேலத்தில் ஃபர்ஸ்ட் ஃபாரத்தில் சேர்த்து ஆறு மாதம் இருக்கும். லீவுக்கு அழைத்துப்போக வந்தவன், வழியில் பங்களா வாசலில் நின்றேன். நாச்சிமுத்து உன்னைத் தூக்கப் பார்த்தான், பெரிய பையனாகிவிட்டாய் என்று விட்டுவிட்டுக் கன்னத்தைத் தடவினான். நீ அவன் கையைப் படித்தாய். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா, இதுக்கு அர்த்தம்..." என்று ஆரம்பித்தாய். அர்த்தம் உன் வாயிலிருந்து வருவதற்குள் அறைந்தேன். உனக்கு உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. "ஏன் மேஸ்திரி, படிக்கிற புள்ளயப் போட்டு இப்புடி அடிக்கறே" என்று நாச்சிமுத்து உன்னை அணைத்துக்கொண்டு என்னைத்தான் திட்டினான். நீ செய்த தப்பு ஒன்றுமில்லை. தெரிந்ததைச் சொல்ல வந்தாய். நான் பயந்து போய் அடித்தேன். இதை உன்னிடம் பத்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

இப்போது நீ புறப்பட்ட அன்று நடந்ததற்கு வருகிறேன். துரை பங்களாவைக் காலி செய்துவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார், நாச்சிமுத்து ஊரோடு வந்துவிட்டான் என்பது உனக்குத் தெரியும். உன் டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்ற அவனாகத்தான் வந்தான். இந்த வயதில் அவனுக்கு அந்தக் கனம் கூடாது. வீட்டுக்குள்ளேயே பெட்டி கை நழுவி விழுந்து மூலை நசுங்கியது. புதுத் தொப்பியும் பூட்ஸுமாக நின்ற நீ, "டேம் ஃபூல், பார்த்துத் தூக்கமாட்டாயா?" என்றாய். கோபத்தில் வந்துவிட்டது. உனக்கு அது அப்போதே மறந்தும் போயிருக்கும். அவன் முகத்தை நீ பார்த்தாயா? அவனுக்கு ஒரே சந்தோஷம். என் பக்கம் திரும்பி, "கேட்டியா மேஸ்திரி, உம்பட மவன் என்னையப் பட்டத்தச் சொல்லிக் கூப்புடறான்" என்றான். உன் பெட்டியை மறுபடியும் குனிந்து தூக்கினான். அதற்கு மேல் எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய்விட்டேன். வண்டிச் சத்தம் தேய்கிற வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன். கோபம் என்மேல்தான். உன்மேல் இருந்தது வருத்தம்.

மறுநாள் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். "நாச்சிமுத்து, உன்ற கையில இருக்கறது பட்டமில்ல. வசவு."

"வசவா? ஆரு வஞ்சாங்க?"

"தொரைதான். முட்டாப்பயலேன்னு நம்ம ரெண்டு பேரையும் வஞ்சிருக்காரு. நான் அர்த்தம் தெரியாம எளுதிக் குடுத்துட்டேன்."

அவன் அரிவாளைக் கீழே வைத்தான். கையைத் திருப்பிப் பார்த்தான். படிக்கத் தெரியாத எழுத்தை வெகுநேரம் பார்த்தான். "அப்பறம் பங்களாவுக்கு வந்தவங்கெல்லாம் சிரிச்சது?" என்றான். "அதுக்குத்தான்" என்றேன். "உனக்கு எப்பத் தெரியும்?" என்றான். அணை முடிந்த வருஷமே தெரியும் என்றேன். பதிமூன்று வருஷம்.

"தொரை வஞ்சது சரிதான் மேஸ்திரி. கடப்பாரைக்காவ ஓடுனது முட்டாத்தனந்தான். உசுரு போயிருக்கும், அந்த மனுசன் பதறிப்போயி வஞ்சாரு. நீயி எதுக்குச் சொல்லாம உட்டே?"

"உனக்கு மனசு கஷ்டப்படுமேன்னு..."

"எனக்கா, உனக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனான். கதவைச் சாத்திக்கொண்டான். பிறகு எட்டு நாள் அவன் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நான் போனபோது அவன் பெண்சாதி வெளியே வந்து, ஊட்டுல இல்லீங்க என்றாள். உள்ளே அவன் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

சாமி, உபதேசம் செய்வது எனக்குப் பிடிக்காது, கேட்பது உனக்குப் பிடிக்காது. ஆனாலும் முன்னூறு பேர் என்று எழுதியிருக்கிறாய். அவர்களில் ஒருவன் வெடிக்குழிக்குள் திரும்பி ஓடினால் திட்டு, தோளைப் பிடித்து உலுக்கு, அது வேறு. பெட்டி நசுங்கியதற்குத் திட்டாதே. வெள்ளைக்காரன் போகப் போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறது. அவன் நாற்காலியில் நீங்கள் உட்காரப் போகிறீர்கள், உட்காருங்கள், சந்தோஷம். இந்த வார்த்தையை மட்டும் அவனோடு அனுப்பிவிடு. நீ சொல்கிற வார்த்தைக்கு அந்த ஆள் என்ன அர்த்தம் கட்டிக்கொள்வான் என்று உனக்குத் தெரியாது. அவன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொல்லக்கூடும். நாங்கள் சொன்னோம்.

நேற்று நாச்சிமுத்து வந்தான். நான் உனக்குப் பதில் எழுதுவதற்காகக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டுப் பொத்தானும் மாட்டியிருந்தான். தண்ணீர் கொடுத்தேன், வாங்கிக் குடித்தான். "பையங்கிட்ட இருந்து காயிதம் வந்துச்சாமா?" என்றான். படித்துக் காட்டினேன். சோறு பிடிக்கவில்லை என்ற இடத்தில், "பாவம், ஊறுகாயாச்சும் குடுத்து உட்டிருக்கோணும்" என்றான்.

எழுந்து போகும்போது வாசற்படியில் நின்று சொன்னான். "எளுதறப்ப ஒண்ணு கேட்டு எளுது மேஸ்திரி. இனி ஊருக்கு வாறப்ப அவன் என்னைய என்னன்னு கூப்புடுவான்னு கேளு. கோவமில்ல, தெரிஞ்சுக்கலாமுன்னுதான். இத்தன வருசத்துல அன்னிக்கு ஒரு தடவதான் அவன் என்னைய ஒரு பேரு வச்சுக் கூப்புட்டான்."

அவன் போன பிறகு நினைத்துப் பார்த்தேன். உண்மைதான். நீ அவனை இங்கே வா என்பாய், அதை எடு என்பாய், வண்டி வந்துவிட்டதா பார் என்பாய். முறை சொல்லி ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. நாங்களும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்கு மட்டும் தாமதிக்காமல் பதில் போடு. தமிழில் எழுது. நீ என்ன எழுதுகிறாயோ, அதை அவனுக்கு உள்ளது உள்ளபடி படித்துக் காட்டுவேன்.